பீட்டா சிதைவுக் கணக்கில் எங்கே சறுக்குகிறது?

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் கரிமணலிலும், எல்லைக்கு அப்பால் சவராவில் அள்ளும் மணலிலும் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டுக்குள் தோரியம் 232. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் கதிரியக்கம் படிக்க வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டாம். பீட்டா சிதைவில் கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை (இதுதான் பீட்டா) வெளியே விடுகிறது. அதில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பாதியும் இந்தத் தோரியத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

“142 நியூட்ரான், 90 புரோட்டான். நியூட்ரான் மிகுதி, ஆகவே பீட்டா சிதைவு” என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. புரோட்டான்களின் விலக்கு விசையைச் சமாளிக்க, கனமான கருவுக்கு அவ்வளவு நியூட்ரான் தேவை. மிகுதியா இல்லையா என்பதை அதே நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) கொண்ட பக்கத்துக் கருவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். புரோட்டாக்டினியம் 232 அணு தோரியம் 232-ஐவிட நிறை கூடியது. நிறை கூடிய அணுவாகத் தானாக மாற முடியாது, ஆகவே பீட்டா வழி அடைபட்டிருக்கிறது. தோரியம் ஆல்ஃபாவைத்தான் விடுகிறது, சுமார் 1,400 கோடி ஆண்டு அரை ஆயுட்காலத்தில்.

ஆல்ஃபா இரண்டு நியூட்ரானையும் இரண்டு புரோட்டானையும் எடுத்துப் போவதால் விகிதம் மாறாது என்பது அடுத்த சறுக்கல். 142/90 என்பது 1.578. ஆல்ஃபா போனபின் ரேடியம் 228-இல் 140/88, அதாவது 1.591. நியூட்ரான் பங்கு கூடிவிட்டது! அதனால்தான் ரேடியம் 228 (5.75 ஆண்டு), ஆக்டினியம் 228 (6.15 மணி நேரம்) இரண்டும் அடுத்தடுத்து பீட்டாவை விட்டுத் தோரியம் 228 ஆகின்றன. தொடர் முழுவதற்கும் கணக்கு இப்படி: நிறை எண் 232-லிருந்து 208, குறைவு 24, ஆகவே 6 ஆல்ஃபா. அதோடு நிறுத்தினால் அணு எண் 78, பிளாட்டினம் என்று விடை வரும். முடிவு ஈயம், 82. அந்த 4-ஐ ஈடுகட்டுபவை 4 பீட்டாக்கள்.

நியூட்ரான் மிகுந்தால் நியூட்ரானே வெளியேறும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. பிணைந்த நியூட்ரானைப் பிய்த்தெடுக்க ஆற்றல் செலவாகும். உள்ளேயே புரோட்டானாக மாறினால் ஆற்றல் வெளிவரும். தோரியம் 232 ஒரு நியூட்ரானை விழுங்கினால் கிடைக்கும் தோரியம் 233, 22 நிமிட அரை ஆயுட்காலத்தில் புரோட்டாக்டினியம் 233 ஆகிறது. அது 27 நாள் அரை ஆயுட்காலத்தில் யுரேனியம் 233. கல்பாக்கத்தின் காமினி ஆராய்ச்சி அணு உலைக்கு இதுதான் எரிபொருள். 54 நாளில் புரோட்டாக்டினியம் தீர்ந்துவிடாது, கால் பங்கு மிச்சமிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 270 நாள் வேண்டும். புரோமின் 87 போன்ற சில கருக்கள் பீட்டாவுக்குப் பிறகு நியூட்ரானையும் விடுவதுண்டு. அந்த 56 விநாடித் தாமதம் பீட்டா சிதைவுடையது. நியூட்ரான் உடனே வந்துவிடுகிறது.

மதிப்பெண் அதிகம் போகுமிடம் ஆற்றல் கணக்கு. பீட்டாவை விட்டு நைட்ரஜன் 14 ஆகும் கார்பன் 14-இன் அணு நிறை 14.003242 அணு நிறை அலகு, நைட்ரஜன் 14-இன் அணு நிறை 14.003074. வேறுபாடு 0.000168, அதை 931.5-ஆல் (ஓர் அணு நிறை அலகுக்குச் சமமான ஆற்றல், மெகா எலக்ட்ரான்வோல்ட்டில்) பெருக்கினால் 0.156 மெகா எலக்ட்ரான்வோல்ட். விடை அவ்வளவுதான். எலக்ட்ரான் நிறைக்குரிய 0.511-ஐ இதிலிருந்து கழிப்பவர்களுக்கு எதிர்க்குறி வரும், கார்பன் 14 சிதையவே சிதையாது என்றாகிவிடும். அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை. வெளிவரும் எலக்ட்ரானின் நிறை, நைட்ரஜனின் ஏழாவது எலக்ட்ரானாக அதில் ஏற்கெனவே அடங்கிவிட்டது. புரோட்டான் நியூட்ரானாக மாறும் பாசிட்ரான் சிதைவில்தான் இரண்டு எலக்ட்ரான் நிறையைக் கழிக்க வேண்டும்.

இந்த 0.156 முழுவதும் எலக்ட்ரானுக்கே போகும் என்றும் எழுதக் கூடாது. எலக்ட்ரானோடு சேர்ந்து வெளிவரும் மின்சுமையற்ற துகளான எதிர் நியூட்ரினோ பங்கு கேட்கும். எலக்ட்ரானுக்குச் சராசரியாகக் கிடைப்பது 0.049 மட்டுமே.

ஆய்வகத்தில் ஒன்று: ஸ்ட்ரான்சியம் 90 மூலத்தை நேரடியாக ஈயத்தால் மூடாதீர்கள். அதன் சேய்க் கருவான யிட்ரியம் 90 விடும் 2.28 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரையிலான பீட்டாக்கள் ஈயத்தில் மோதி எக்ஸ் கதிரைக் கிளப்பும். முதலில் 10 முதல் 12 மில்லிமீட்டர் அக்ரிலிக், அதன் வெளியே ஈயம். டிரிட்டியத்துக்கு (ஹைட்ரஜன் 3) கதிரியக்கம் அளக்கும் கைகர் கருவி உதவாது, 0.0186 மெகா எலக்ட்ரான்வோல்ட் பீட்டா குழாயின் சன்னலையே தாண்டாது. அதற்கு, மாதிரியைத் திரவத்தில் கலந்து அதில் எழும் ஒளிப்பொறிகளை எண்ணும் திரவ சின்டிலேஷன் கவுண்டர்தான் வேண்டும்.