கோடைப் பள்ளி வேறு, ஈ.எஸ்.ஒய். வேறு

இங்கே அமெரிக்காவில் பையன் 2ஆம் வகுப்பு. அவனுடைய ஐ.ஈ.பி.யில் (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) வாரம் 2 முறை பேச்சுப் பயிற்சி உண்டு. விடுமுறை நெருங்கியதும், அது கோடையிலும் தொடருமா என்று பள்ளியில் கேட்டேன். "சம்மர் ஸ்கூலில் அதெல்லாம் கிடையாது" என்றார்கள்.

அலுவலகத்துக்கு 4 முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் கோடைப் பள்ளி சேர்க்கைப் படிவம்தான் வந்தது. அப்புறம் டாக்டர் கடிதம் கொடுத்தேன். அது கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. 9 நாள் வீண்.

தப்பு நான் கேட்ட சொல்லில் இருந்தது. சம்மர் ஸ்கூல் எல்லாப் பிள்ளைகளுக்குமான வகுப்பு. நான் கேட்டிருக்க வேண்டியது 'எக்ஸ்டெண்டட் ஸ்கூல் இயர்', அதாவது ஈ.எஸ்.ஒய்.: ஐ.ஈ.பி.யில் உள்ள சேவைகளை விடுமுறையிலும் தொடர்வது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டமான ஐடியாவின் விதி 300.106. தேவை என்று ஐ.ஈ.பி. குழு முடிவு செய்தால் இலவசமாகத் தந்தாக வேண்டும்.

ஐ.ஈ.பி.யை எடுத்துப் புரட்டினேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஈ.எஸ்.ஒய். என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக். காரணம் எழுதும் வரி காலி!

ஒரே ஒரு மெயில் போட்டேன்: குழுக் கூட்டம் வேண்டும், மறுப்பதானால் விதி 300.503படி காரணத்தை எழுத்தில் தாருங்கள். கூடவே பயிற்சியாளரின் குறிப்பு: டிசம்பர் விடுமுறையில் விட்டதைப் பிடிக்க அவனுக்கு 5 வாரம் ஆனது. டாக்டர் கடிதத்தைவிட இந்தக் குறிப்புதான் பேசியது.

4ஆம் நாள் கூட்டம். ஜூலை முழுக்க வாரம் 2 முறை, 30 நிமிடம். அப்பாடா.