டைட்டானியம் கடைய நானோ கூலண்ட்: முதலில் ஒரே ஒரு லிட்டர் கலந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்திலிருந்து வடக்கே ரிச்சர்ட்ஸ் பே போனால் கடற்கரை மணலிலிருந்தே இல்மனைட், ரூட்டைல் என்ற டைட்டானியத் தாதுக்களை எடுக்கிறார்கள். டைட்டானியம் நம் காலடியில்தான் கிடக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளைப் பெயிண்டுக்கான நிறமியாகப் போய்விடுகிறது. நம் லேத்துக்கு வரும் கம்பி கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. விலை கடிக்கும், ஒரு துண்டு வீணானால் லானி (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் கூலண்ட், அதாவது கடையும்போது முனையைக் குளிர்விக்க விடும் திரவம், அந்த விஷயத்தில் இவ்வளவு மெனக்கெடல்.

நாம் அதிகம் கடைவது கிரேடு 5, அதாவது 6% அலுமினியமும் 4% வனேடியமும் சேர்ந்த டைட்டானியம். இது சூட்டைக் கடத்தாது. சாதா கார்பன் எஃகின் வெப்பக் கடத்தல் 50 வாட்/மீ.கெ. என்றால் இதற்கு 7 தான். எஃகில் சீவலோடு ஓடிப்போகும் சூடு இங்கே இன்செர்ட் (வெட்டும் கார்பைடு துண்டு) முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும், சூடேறிய டைட்டானியம் கார்பைடில் ஒட்டும், ஒட்டியது பிய்யும்போது முனையையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீர் சூட்டை நன்றாக எடுக்கும், ஆனால் வழுக்காது. எண்ணெய் வழுக்கும், ஆனால் சூட்டை எடுப்பதில் தண்ணீருக்குப் பின்னால்தான். சரி, தண்ணீர்க் கூலண்டிலேயே வழுக்கலைக் கூட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. நானோ என்று சொல்லும் மிக நுண்ணிய துகள்களைக் கலந்தால் அவை உராயும் இடத்தில் புகுந்து கொஞ்சம் உருளும், கொஞ்சம் பள்ளங்களை நிரப்பும். தண்ணீர் சூட்டைக் கடத்துவதையும் இது பிரமாதமாகக் கூட்டிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அரை சதவீதம் துகளில் அது பெரிதாக ஒன்றும் மாறாது, லாபமெல்லாம் உராய்வில்தான்.

முதல் வேலை, எந்தத் துகள் என்று முடிவு செய்வது. நான் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடியில் ஆரம்பித்தேன். கூலண்டில் போட்டுக் கலக்கி, பால் மாதிரி ஆனதும் வெற்றி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் அடியில் ஊறவைத்த அரிசி மாவு போல ஒரு கட்டி, மேலே பழைய கூலண்ட். காரணம் பிஎச், அதாவது திரவம் அமிலமா காரமா என்று சொல்லும் எண். தண்ணீரில் துகள்களின் மேல் மின்னூட்டம் இருக்கும், ஒரே மாதிரி மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். ஒரு குறிப்பிட்ட பிஎச்சில் அது பூஜ்யமாகிவிடும், உடனே எல்லாம் கூடி உட்கார்ந்துவிடும். அலுமினாவுக்கு அந்த எண் ஏறக்குறைய 9. துருப்பிடிக்காமலும் நாறாமலும் இருக்க நாம் கூலண்டை வைத்திருப்பதும் 8.5க்கும் 9.5க்கும் நடுவில். வம்பை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்! சிலிக்காவுக்கு அந்த எண் 2 பக்கம், ஆகவே 9இல் அது நிம்மதியாக மிதக்கும். அதிலும் பொடியாக வாங்காதீர்கள், 30% கொலாய்டல் சிலிக்கா என்று திரவமாகவே கிடைக்கும். பொடி மூக்கில் ஏறாது, கட்டியைப் பிரிக்க அல்ட்ராசோனிக் கருவியும் வேண்டாம், கரண்ட் போய்ப் பாதியில் நிற்கிற தொல்லையும் இல்லை.

அடுத்து கலவை. 920 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் எடுங்கள், குழாய்த் தண்ணீரின் கால்சியம் துகள்களைக் கூட்டிவிடும். அதில் 200 மில்லியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் 80 மில்லி கூலண்ட் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். எண்ணெயைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் திரியும். குளோரின் சேர்க்காத எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள், குளோரின் மிச்சம் இருந்து பாகம் பின்னால் சூடேறினால் டைட்டானியத்தில் வெடிப்பு விழலாம். இப்போது சிலிக்கா. லிட்டருக்கு அரை சதவீதம் என்றால் 5 கிராம், 30% திரவத்தில் அது 17 கிராம். அதைத் தனியாக வைத்த 200 மில்லியில் முதலில் கரைத்து, அப்புறம் கூலண்டில் மெதுவாக விடுங்கள். பிஎச் தாள் ஒன்றை நனைத்து 9 பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

இதைக் காலியான சட்னி பாட்டில் ஒன்றில் ஊற்றி, சிலிக்கா இல்லாத கூலண்டை இன்னொன்றில் ஊற்றி, இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். பிறகு டார்ச் அடித்து அடியில் படிவு இருக்கிறதா, மேலே ஆடை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணெய் ஒத்துவரவில்லை, வேறு வாங்குங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

லேத்தின் பெரிய தொட்டியில் இதை ஊற்ற வேண்டாம். சிலிக்கா காய்ந்தால் லேத்தின் கண்ணாடியிலும், பாகங்கள் நகரும் ஸ்லைடிலும் பிடித்துக்கொள்ளும். காற்றோடு துளித்துளியாகத் தெளிக்கும் எம்க்யூஎல் கருவியில் மணிக்கு 60 மில்லி வைத்தால் ஒரு லிட்டர் 16 மணி நேரம் வரும். தெளிப்பது பனி மாதிரி பறக்கும், துகளும் அதில்தான் இருக்கிறது. நுண்துகளை வடிக்கும் எஃப்எஃப்பி3 முகமூடி போடுங்கள், உறிஞ்சும் விசிறியும் ஓடட்டும். டர்பன் புழுக்கத்தில் முகமூடி நரகம்தான், தெரியும். போடுங்கள்.

பிறகு கடைந்து பாருங்கள். 50 மி.மீ. கம்பி, நிமிடத்துக்கு 45 மீட்டர் வேகம் என்றால் 286 சுற்று. ஃபீட் (ஒரு சுற்றுக்கு முனை நகரும் தூரம்) 0.15 மி.மீ., ஆழம் 1 மி.மீ. விட்டம் குறையக் குறையச் சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓடும்போது ஃபீடை நிறுத்தி முனையைச் சும்மா தேய விடாதீர்கள். முதலில் வெறும் கூலண்டைத் தெளித்து ஒரு புது முனை, அடுத்து சிலிக்கா கலந்ததைத் தெளித்து இன்னொரு புது முனை, மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, அளவுகோல் பதித்த லென்ஸில் பக்கவாட்டுத் தேய்மானத்தைப் பார்த்து எழுதுங்கள். 0.3 மி.மீ. தொட்டால் அந்த முனை முடிந்தது என்று கணக்கு. எது எத்தனை நிமிடத்தில் தொட்டது என்பதுதான் உங்கள் பதில்.

மெல்லிய டைட்டானியச் சீவல் தீப்பிடிக்கும், எரியும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள்.

மதியம் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு) சாப்பிடக் கிளம்புவதற்கு முன் கையைக் கழுவுங்கள், தெளிக்கும் நாசிலில் தண்ணீர் விட்டு அதையும் கழுவுங்கள். ஒருநாள் நான் அப்படியே போய்விட்டேன், திரும்பி வருவதற்குள் உள்ளே சிலிக்கா காய்ந்து கல்லாகி, மிச்ச மத்தியானம் முழுவதும் ஊசியை வைத்துக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.