சீனச் சுவடிகளைப் பார்க்கப் போகிறீர்களா? சுருளின் கடைசியில் தொடங்குங்கள்

சீன மொழி தெரியாமல் சீனச் சுவடிக் கண்காட்சிக்குப் போய் என்ன செய்வது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் சீனம் தெரியாது. ஆனால் எங்கள் தாத்தா சித்த வைத்தியர். ஏடுகள் இருந்த வீட்டில் வளர்ந்த ஆசைதான் என்னை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போகிறது.

அங்கே இருக்கும் சீனச் சுவடிகளில் பலர் தேடிப் போவது வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூலை. கி.பி. 868இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சுருள் அது. தேதி போட்டு அச்சான முழு நூல்களில், இன்று நம்மிடம் இருப்பவற்றுள் மிகப் பழையது. வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் ஊருக்குப் பக்கத்தில் மொகாவ் குகைகளில் ஒன்றை, இந்தச் சுருளும் மற்ற சுவடிகளும் உள்ளே இருக்க, 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். 1900இல் வாங் யுவான்லு என்ற துறவி அதைக் கண்டுபிடித்தார். 1907இல் பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் வந்து, அவரிடம் சொற்பப் பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான சுவடிகளை வாங்கிப் போனார். சீனர்களுக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சரி, கிளம்பும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் பார்க்க நினைப்பது இப்போது காட்சியில் இருக்கிறதா? வெளிச்சம் பட்டால் தாளும் நிறமும் கெடும் என்பதால் சுவடிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஊரிலிருந்து வந்த அத்தையை முதல் தடவை ஆசையாகக் கூட்டிப்போனேன். சூத்திரம் உள்ளே போயிருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை துன்ஹுவாங்குக்கென்றே நடந்த கண்காட்சியில்தான் எனக்கு அது கிடைத்தது. அப்படிப்பட்ட சிறப்புக் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். நூலகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடமான ரிட்பிளாட் கேலரிக்குக் கட்டணம் இல்லை. வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம்.

முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சர்வதேச துன்ஹுவாங் திட்டத்தின் இணையதளத்தில் முழுச் சுருளின் படமும் இருக்கிறது. எழுத்து மேலிருந்து கீழே போகும், வரிகள் வலமிருந்து இடம். ஆகவே நூலின் கடைசி என்பது இடது முனை. நேராக அங்கே போங்கள். அச்சிடச் செய்தவரின் குறிப்பு அங்கேதான் இருக்கிறது: ஷியான்தொங் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, நான்காம் மாதம், பதினைந்தாம் நாள், வாங் ஜியே என்பவர் தன் தாய் தந்தைக்காக, எல்லோருக்கும் வழங்கச் செய்தது.

இந்த வரியில் சில எழுத்துகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். பத்து என்பது கூட்டல் குறி போலவே இருக்கும். நாள் என்பது நடுவில் ஒரு குறுக்குக் கம்பி வைத்த ஜன்னல். மாதம் என்பது அடிப்பக்கம் திறந்து, உள்ளே இரண்டு கம்பி வைத்த ஜன்னல். இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்ற சுவடிகளிலும் தேதி எங்கே என்று கண் தானாகத் தேடும்.

அரங்கில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். கிட்டப் பார்க்கும் கண்ணாடியை மறக்காதீர்கள். உள்ளே போனதும் ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். அப்புறம் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாமல் நான்கைந்து சுவடிகளைத் தேர்ந்தெடுத்து, எழுதியவன் கையைத் தேடுங்கள்.

முதலில் தாளின் நிறம். பல சூத்திரத் தாள்களில் தெரியும் மஞ்சள் வெறும் பழுப்பு அல்ல. பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தது. நம் ஊரில் ஓலைக்கு மஞ்சள் தடவியது நினைவுக்கு வரும். கையால் எழுதிய சுவடி என்றால் திருத்தங்களைத் தேடுங்கள். தவறான எழுத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசி, அதன் மேலேயே சரியான எழுத்தை எழுதியிருப்பார்கள். அந்தப் பூச்சு எங்கள் தாத்தாவின் மருந்துப் பெட்டியில் இருந்த அதே தாளகம் என்ற மஞ்சள் கனிமம். இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டால் ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி போடுவார்கள். அந்தக் கொக்கி கண்ணில் பட்டால் என்னால் அடுத்த சுவடிக்குப் போகவே முடியாது.

சூத்திரங்களோடு நிறுத்திவிடாதீர்கள். குடித்துவிட்டு விருந்தில் தவறாக நடந்துகொண்டவர் மறுநாள் மன்னிப்புக் கேட்டு எழுத ஒரு மாதிரிக் கடிதம்கூட அந்தக் குகையில் கிடைத்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் குறித்த வரைபடமும் அங்கிருந்து வந்ததே. திபெத்திய ஏடுகள் இருந்தால் கட்டாயம் பாருங்கள். நீள நீளமான தாள், அதில் நூல் கோக்கத் துளை. பனையே வளராத பாலைவனத்தில் தாளை ஓலைபோல வெட்டியிருக்கிறார்கள். அத்தைதான் அதை முதலில் கவனித்தார்: “இது ஏடுல்லா!”

வீடு திரும்பியதும் அதே படங்களை மறுபடி திறந்து பாருங்கள். அன்றைக்குக் காட்சியில் இல்லாத சூத்திரத்தை அத்தைக்கு லேப்டாப்பில்தான் காட்டினேன். வாங் ஜியேயின் குறிப்பைப் படித்து அர்த்தம் சொன்னதும், நம் ஓலைகளின் முடிவில் வரும் “எழுதி முகிந்தது” (எழுதி முடிந்தது) என்பதைச் சொன்னார். பிறகு திரையில் அந்தக் கூட்டல் குறியின் மேல் விரலை வைத்து, “அம்மா அப்பாவுக்காகவா செஞ்சான்?” என்று இன்னொரு தடவை கேட்டார்.