எடை அட்டையில் ஒற்றைப் புள்ளி போதாது

குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் உடனே சொல்லிவிடுவார்கள். மூன்று மாதங்களுக்கு முன் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் தயங்குவார்கள். வளர்ச்சியைக் கண்காணிப்பதில் நேரும் பிழைகளுள் முதன்மையானது இதுதான். ஒன்பதாம் மாதத்தில் 8.9 கிலோ இருந்த ஓர் ஆண் குழந்தை பன்னிரண்டாம் மாதத்திலும் அதே 8.9 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கன்வாடி அட்டையில் அந்தப் புள்ளி இன்னும் பச்சைப் பட்டையில்தான் விழும் என்பதால், பார்ப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். ஆனால் மூன்று மாதங்களாக எடை ஏறவில்லை என்பதைப் புள்ளிகளை இணைத்து வரையும் கோடு மட்டுமே காட்டும். கோடு படுத்துவிட்டால், பட்டை எந்த நிறமாக இருந்தாலும் காரணத்தைத் தேட வேண்டும். அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய்ப்பால் குறைந்து இளைத்துப்போகும் குழந்தையைச் ‘சவலை’ என்று நம் முன்னோர் பெயரிட்டு அழைத்தனர்; தராசு இல்லாத காலத்திலும் அவர்கள் கவனித்தது இந்தத் தேக்கத்தைத்தான்.

இரண்டாவது பிழை ஒப்பீடு. பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு நன்றாக வளரும் குழந்தைக்குத் தேவையின்றிப் புட்டிப்பால் தொடங்குவோர் உண்டு. இதற்கு நேர்மாறாக, “நம் பிள்ளைகளின் உடல்வாகே அப்படித்தான்” என்று உண்மையான குறைபாட்டைத் தள்ளிவிடுவோரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. நல்ல உணவும் சுகாதாரமான சூழலும் கிடைத்தபோது முதல் ஐந்து ஆண்டுகளில் எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தனர். ஆகவே உடல்வாகு என்ற சமாதானம் இந்த வயதில் பெரிதாக எடுபடாது.

அளக்கும் முறையில் நேரும் தவறுகள் சிறியவையாகத் தோன்றினாலும் கோட்டையே திசைமாற்றிவிடும். ஒரு மாதம் கனமான சட்டையும் கொலுசுமாக எடை பார்த்துவிட்டு அடுத்த மாதம் வெறும் உடம்பில் பார்த்தால், குழந்தை இளைத்துவிட்டதாக வீண் அச்சம் எழும். தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்க வைத்தும் அதன்பின் நிற்க வைத்தும் உயரத்தை அளப்பதே முறை. படுத்த நிலையில் அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். இரு பாதங்களிலும் வீக்கம் இருந்தால் தராசை நம்பவே கூடாது: கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டில் உடலில் தேங்கும் நீர் எடையை உயர்த்திக் காட்டும்.

பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிடுவார்கள். குறைமாதக் குழந்தைக்கு, இரண்டு வயது வரை, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும்.

நோயும் வளர்ச்சியும் தனித்தனியானவை என்று கருதுவது மற்றொரு தவறு. “பல் முளைக்கிறது, அதனால்தான் பேதி” என்று சொல்லி நாள்களைக் கடத்துவதும், பேதியின்போது உணவை நிறுத்தி வெறும் கஞ்சித் தண்ணீரோடு விடுவதும் எடையைச் சரிக்கும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் தொடர்வது, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பது, மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையைப் பேதி இடையில் நின்றுவிட்டாலும் நிறுத்தாமல் மொத்தம் 14 நாள்கள் முழுமையாகத் தருவது ஆகிய மூன்றும் தேவை.

எடையைப் பார்த்துப் பார்த்து, குழந்தை என்ன செய்யக் கற்றிருக்கிறது என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். நடப்பதில் மிகுந்த வேறுபாடு இயல்பு: ஒன்பதாம் மாதத்திலேயே நடக்கும் குழந்தையும் உண்டு, பதினாறாம் மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு. ஆனால் 18 மாதங்கள் நிறைந்தும் தானாக நடக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. பேச்சு தாமதமானால் “அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று பாட்டிமார் ஆறுதல் சொல்வது வழக்கம். அது உண்மையாகவே இருந்தாலும், செவித்திறன் பரிசோதனையை ஒத்திவைக்க அது காரணமாகாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் குறைந்த அளவு செவித்திறன் இழப்பு வீட்டுப் பேச்சில் எளிதில் வெளிப்படாது. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை பேசிய சொற்களை விட்டுவிட்டாலோ, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது நின்றுவிட்டாலோ, எந்த வயதானாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை பொறுக்காமல் அந்த வாரமே அழைத்துச் செல்ல வேண்டும்.