டர்பன் ஈரத்திலிருந்து எல்.பி. அட்டையைக் காப்பாற்றுவது எப்படி

பழைய எல்.பி. இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய காகித வாசம் மட்டும் வந்தால் நல்லது. ஈரத்துணியை மூடிவைத்தது போன்ற நெடி அடித்தால் அதன் உறையான அட்டையில் பூஞ்சை இருக்கிறது. அதை மற்றவற்றோடு அடுக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தட்டு வினைல். கடற்காற்று அதை ஒன்றும் செய்யாது. கழுவித் துடைத்தால் நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் பாடும். அட்டை காகிதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கோடையின் ஈரம் முழுவதையும் அதுதான் குடிக்கிறது. டர்பனைச் சுற்றிய சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் தாத்தா காலத்து ரேடியோகிராமுக்குள் (வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) கிடக்கும் தட்டுகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த நிலைதான்: பாட்டு பிழைத்திருக்கும், படம் போயிருக்கும்.

அந்தப் படத்தின் அருமை சும்மா இல்லை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976இல்தான். அதற்கு முன் சினிமா நடிகர் முகத்தை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க இருந்த பெரிய வண்ணப்படம் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் சதுர எல்.பி. அட்டை. கையால் எழுதிய தலைப்பு, நிறமேற்றிய ஸ்டில், பின்பக்கத்தில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. தட்டு உறையில் ஓவியம் போடும் வழக்கமே 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்கு அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் வரைந்தபோது வேரூன்றியது. அதற்கு முன் பெரும்பாலும் வெறும் பழுப்புத் தாள் உறைதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் பார்த்த நாசமான அட்டைகளில் பாதிக்கு மேல் காலம் கெடுத்தவை அல்ல, சரிசெய்யப் போய்க் கெட்டவை. செல்லோடேப், ஈரத்துணி, ஃபெல்ட் பேனா, வெயிலில் காயவைத்தல் ஆகிய நான்கும்தான் காரணம். அட்டையைப் புதிதாக்க முயல வேண்டாம். இன்று இருப்பதற்கு மேல் கெடாமல் நிறுத்தினால் போதும்.

எந்த வகை அட்டை என்று பாருங்கள்

முன்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல மின்னி, ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து தெரிந்தால் லேமினேஷன் செய்தது. அதன் பின்பக்கம் பெரும்பாலும் பூச்சில்லாத வெறுந்தாள். முன்பக்கத் தாளின் விளிம்பைப் பின்னால் மடித்து ஒட்டியிருப்பார்கள். இன்னொரு வகையில் சாம்பல் நிற அட்டைமேல் அச்சிட்ட தாளை ஒட்டியிருக்கும். மூன்றாவது, ஒரே அச்சட்டையை மடித்துப் பசையிட்டது. லேமினேஷன் பக்கத்தில் மட்டும்தான் சற்று ஈரம் படலாம். அதன் பின்பக்கத்திலும் மற்ற இரு வகைகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது; பட்ட இடம் வட்டமாக மேலெழும்பி, காய்ந்ததும் பழுப்பு விளிம்போடு நிற்கும்.

தூசும் விளக்குப் புகையும்

தட்டை வெளியே எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மென்மையான பெரிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசைத் தள்ளுங்கள். லௌஞ்சில் சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருந்த அட்டைகளில் எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திக் கரியும் சேர்ந்து கொழகொழப்பான ஒரு படலம் படிந்திருக்கும். தூரிகை அதை எடுக்காது, துணி தேய்த்து உள்ளே ஏற்றிவிடும். வல்கனைஸ் செய்த ரப்பர் ஸ்பாஞ்சு வாங்குங்கள். அதை உலர்ந்த நிலையில், தேய்க்காமல், ஒரே திசையில் இழுத்தெடுங்கள். ஒரு முகம் கறுத்ததும் அதைக் கத்தியால் சீவிவிட்டு அடுத்த முகத்தைப் பயன்படுத்துங்கள். லேமினேஷன் பக்கத்தில் எஞ்சியதை, பிழிந்து ஏறக்குறைய உலர்ந்துவிட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம்.

மஞ்சள் கை பட்ட கறை இருந்தால் விட்டுவிடுங்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சள்மேல் பட்டால் செந்நிறமாகிவிடும். வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும் என்பது உண்மை, ஆனால் அச்சு மையும் கூடவே போகும். மைகளில் மெஜென்டா என்ற இளஞ்சிவப்பும் மஞ்சள் நிறமும்தான் முதலில் வெளுக்கும். ஜன்னலோரத்தில் இருந்த அட்டைகளில் எல்லா முகமும் நீலமாகத் தெரிவது அதனால்தான்.

பேனாவில் எழுதிய பெயர், கல்யாணப் பரிசு வாசகம், டர்பன் கிரே ஸ்ட்ரீட் கடை முத்திரை ஆகியவற்றை எடுக்காதீர்கள். விற்பவர்கள் அதைக் குறை என்று சொல்வார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தட்டு எந்தக் கை வழியாக எந்த ஊர் வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

விலைச்சீட்டை எடுத்தே ஆக வேண்டுமானால், லேமினேஷன் மேலிருந்தால் மட்டும் லைட்டர் ஃப்ளூயிட் உதவும். முதலில் ஒரு மூலையில் பஞ்சுக்குச்சியால் தொட்டுச் சோதியுங்கள். மை வரவில்லையென்றால் சீட்டை நனைத்து ஒரு நிமிடம் விட்டு, நகத்தால் மெதுவாகத் தூக்குங்கள். சாமி விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது; ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். வெறுந்தாளில் இதைச் செய்தால் கரைந்த பசை தாளுக்குள் பரவி எண்ணெய்க் கறை போல நிரந்தரமாகிவிடும்.

பிளந்த தையலை ஒட்டுதல்

தையல் என்பது அட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிச் சேரும் விளிம்பு. அடிவிளிம்பு பிளப்பதுதான் மிக அதிகமாக வரும் பழுது. தட்டை வேகமாக உள்ளே போட்டால் அதன் கூர்விளிம்பு கத்தி போல அடியை அறுக்கிறது. தபாலில் தட்டை உள்ளேயே வைத்து அனுப்பினாலும் இதுதான் கதி.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகி, தாளுக்குள் இறங்கி, டேப் தானாக உதிர்ந்த பிறகும் கறையாக நிற்கும். ஏற்கனவே ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பத்துப் பன்னிரண்டு விநாடி காட்டி, டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி உரியுங்கள். லேமினேஷனுக்கு அருகில் சூடு அதிகமானால் அது குமிழிவிடும்.

ஒட்டுவதற்குப் பலர் மாவுப் பசை காய்ச்சுவார்கள். கோதுமை ஸ்டார்ச் நல்ல பசைதான், ஆனால் நம் ஊரில் ராமபாணப் பூச்சிக்கு அதுவே விருந்து. இங்கே எல்லோரும் ஃபிஷ்மோத் என்கிறோமே, அதேதான். ஆகவே மெத்தில் செல்லுலோஸ் நல்லது. பூச்சி அதைத் தொடாது. 30 மில்லி தண்ணீரை ஆவி பறக்கச் சூடாக்கி, 4 கிராம் பொடியைத் தூவிக் கலக்கி, 70 மில்லி குளிர்ந்த தண்ணீர் சேர்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் கட்டியில்லாத கூழாகியிருக்கும். அதனோடு அமிலமில்லாத பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசையைச் சம அளவு கலந்தால் தையலுக்குப் போதிய பலம் வரும், மெதுவாகக் காயும், திருத்த நேரமும் கிடைக்கும். வெறும் பி.வி.ஏ. சீக்கிரம் பிடித்துவிடும், கோணலாக ஒட்டினால் பிரிக்க முடியாது.

சதுர மீட்டருக்கு 20 கிராம் அளவிலான கோசோ நார்த்தாள் வேண்டும். ஓவியப் பொருள் கடையில் ஜப்பானியத் தாள் என்று கேளுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை போதும். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். ஸ்கேலை வைத்து ஈரத்தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார்கள் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்கள்தான் அட்டையோடு பின்னிப் பிடிக்கும். வெட்டிய ஓரமானால் விளிம்பு தெரியும், நாளடைவில் எழும்பும்.

முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் மீது, கேக் சுடும்போது அடியில் போடும் ஒட்டாத பேக்கிங் பேப்பரைச் சுற்றுங்கள். பட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பு ஸ்கேலின் விளிம்பில் உட்கார, வெளிப்பக்கத்தில் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். ஸ்கேலோடு அட்டை வாய்க்குள் நுழைத்து அடித்தையல் வரை கொண்டுபோய், வெளியே இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்து அழுத்துங்கள். ஸ்கேலை மட்டும் மெதுவாக உருவுங்கள். பேக்கிங் பேப்பர் உள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உள்ளே சுருக்கம் இருந்தால் சோசாட்டிக் குச்சியின் (இறைச்சித் துண்டு கோத்துச் சுடும் குச்சி) மழுங்கிய முனையால் நீவிவிடலாம். மேலும் கீழும் மையொற்றுத் தாள், அதன்மேல் கண்ணாடிப் பலகை, நாலைந்து தடித்த புத்தகம். இருபத்துநாலு மணிநேரம் தொடாதீர்கள்.

இந்த வேலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான உலர்ந்த குளிர்காலம்தான் சரி. ஜனவரியில் செய்தால் பசை காயாது. காயாத பசைக்கடியில் பூஞ்சை தொடங்கும்.

பூஞ்சை

தொட்டால் இழுபட்டு வருகிறதா, பொடியாக உதிர்கிறதா என்று ஓரத்தில் சோதியுங்கள். இழுபட்டால் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் துடைக்கக் கூடாது. என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில், உலர்ந்த நாளில் விரித்து வைத்து, பொடியாகும் வரை காத்திருந்து, பிறகுதான் தூரிகையால் வெளியே தள்ள வேண்டும். லேமினேஷன் பக்கத்தை 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். தாளில் பதிந்த பழுப்புப் புள்ளிகள் போகாது. ப்ளீச் வைத்தால் புள்ளியோடு தாளும் போகும்.

வெள்ளத்தில் நனைந்தவை தனி. 2022 ஏப்ரலில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் வந்தது போன்ற வெள்ளமென்றால், நேரம் இரண்டு நாள்தான். அதற்குள் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை உடனே வெளியே எடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பளபளப்பான அட்டைகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். படம் அடுத்த அட்டைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாவிட்டால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு வாரத்துக்குப் பத்தாக எடுத்து, மையொற்றுத் தாளுக்கிடையே, தாளை அடிக்கடி மாற்றிக் காயவைக்கலாம்.

அடுக்கி வைத்தல்

அட்டையில் தட்டின் வட்டம் வெள்ளையாகத் தேய்ந்து தெரிவது படுக்கையாக அடுக்குவதாலும் நெருக்கிச் செருகுவதாலும் வருகிறது. வந்த பிறகு மருந்தில்லை. வராமல் தடுக்க எளிய வழி, தட்டை அட்டைக்குள் வைக்காமல் இருப்பது. தட்டை நல்ல உள்ளுறையில் போட்டு, அட்டைக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டையும் சேர்த்து 75 மைக்ரான் பாலிப்ரோபைலீன் வெளியுறையில் இடுங்கள். தையலும் பிளக்காது. பி.வி.சி. உறை கூடாது. அதிலுள்ள மென்மையூட்டி வெளியே கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும், தட்டின் மேலும் மூடுபனி போலப் படரும். புதிதாக வாங்கியதன் சுருங்கும் பிளாஸ்டிக்கையும் கழற்றிவிடுங்கள். அது சுருங்கிக்கொண்டே போய் அட்டையையும் தட்டையும் வளைக்கும்.

செங்குத்தாக நிறுத்துங்கள். விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க இடம் இருக்க வேண்டும், சாயவும் கூடாது. பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடுப்பு வையுங்கள். நூறு எல்.பி. ஏறத்தாழ 25 கிலோ, ஆகவே பலகை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, கராஜ், கூரைக்கடி எதுவும் உதவாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள்: 40 முதல் 50 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் இருந்தால் சரிதான், ஆனால் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு வந்தால் அது நின்றுவிடும். ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பைகளையும் சேர்த்து வையுங்கள். பச்சையானதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாசம் தாளை விட்டுப் போகாது.

சுவரில் மாட்ட விரும்பினால் அட்டையில் எதையும் ஒட்டாதீர்கள். நாலு மூலையிலும் தாள் பைகள் செய்து அதில் செருகுங்கள். முன்னால் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக், அதற்கும் அட்டைக்கும் நடுவே மூன்று நாலு மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் லேமினேஷன் அக்ரிலிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

படியெடுத்தல்

ஏ4 ஸ்கேனரில் எல்.பி. அட்டைக்கு நாலு தடவை ஸ்கேன் வேண்டும். ஏ3 வாங்கினால் ஒரே தடவை போதும் என்று நினைக்காதீர்கள். அதன் அகலம் 29.7 சென்டிமீட்டர்தான், இரண்டு சென்டிமீட்டர் குறையும். இரண்டு தடவை எடுத்து ஒட்ட வேண்டும். 600 டி.பி.ஐ.யில் எடுத்துப் பிறகு 300க்குக் குறைத்தால் அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிவது அடங்கும். கேமராவில் எடுத்தால் இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்குகள், ட்ரைபாட், லென்ஸ் துளை எஃப் 8, நிறம் சரிபார்க்க ஓரத்தில் சாம்பல் அட்டை. லேமினேஷனில் உங்கள் சட்டை தெரிந்தால் கறுப்புச் சட்டை போடுங்கள்.

பின்பக்கத்தையும், தட்டின் நடு லேபிளையும், பெயர் எழுதிய இடத்தையும் தனித்தனியாக எடுங்கள். கோப்பின் பெயரில் நிறுவனம், தட்டெண், முன் அல்லது பின் என்று வையுங்கள். பாட்டின் பெயரை மட்டும் வைத்தால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. யாரிடமிருந்து வந்தது, எந்த வீட்டில் இருந்தது என்பதை 2பி பென்சிலால் தனித்தாளில் எழுதி வெளியுறைக்குள் போடுங்கள். அட்டைமேல் எழுத வேண்டாம். வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் பெட்டியோடு குப்பைக்குப் போடுவதற்கு முன், யு.கே.இசட்.என். (குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம்) வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்திலோ டர்பன் 1860 ஹெரிட்டேஜ் சென்டரிலோ கேட்டுப் பாருங்கள். போகும்போது அந்தத் தாளும் அட்டையோடு போகட்டும்.