மேடுபள்ளத் தெருவில் கனரக மீட்பு வண்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் நகரத் தெருக்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். குளிர்காலத்தில் தார் விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் உறைந்து விரிகிறது, இளகுகிறது, மறுபடி உறைகிறது. குளிர் முடிவதற்குள் எங்கு பார்த்தாலும் பள்ளம். போதாக்குறைக்கு, குழாய்க்காகவும் கேபிளுக்காகவும் தோண்டிய குழிகளை இரும்புத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். நகரத் தீயணைப்புத் துறையின் ஐந்து மீட்புப் படைகளும் இந்தத் தெருக்களில்தான் இரவுபகலாக ஓடுகின்றன. வண்டியில் எது உடைந்தாலும் பழி தெருவின் மேல் விழுவது இயல்புதான். ஆனால் அதே பள்ளத்தில் ஒரு வண்டி தாங்குவதும் இன்னொன்று முறிவதும் பெரும்பாலும் அது சுமக்கும் எடையைப் பொறுத்தது.

‘மீட்பு வண்டியில் தண்ணீர்த் தொட்டி இல்லையே, எடை என்ன பெரிதாக இருக்கப்போகிறது’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1915-ல் மன்ஹாட்டனில் நகரத்தின் முதல் மீட்புப் படையான ரெஸ்கியூ 1 தொடங்கியபோது ஒரு காடிலாக் கார் போதுமாக இருந்தது. இன்று ஹைட்ராலிக் வெட்டுக்கருவிகள், இடிபாட்டைத் தூக்கும் காற்றுப்பைகள், முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகள், கயிறு, ஜெனரேட்டர், நீரில் மூழ்கித் தேடுவோரின் சாதனங்கள் என எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. சரக்கு லாரி சில நேரமாவது காலியாக ஓடும். இந்த வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. ஷெட்டில் நிற்கும்போதும் ஸ்பிரிங் பட்டைகளும் டயர்களும் முழுச் சுமையில்தான் இருக்கின்றன. புதுக்கருவி வந்தால் ஏற்றுவார்கள். பழையதை இறக்க யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, உயிர் காக்கும் பொருளாயிற்றே. ஆனாலும் சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்கு ஒரு வரம்பு உண்டு.

ஆகவே வாங்கியபோது தாளில் எழுதிய எடையை நம்பிக்கொண்டிருக்காமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சாமானோடு வண்டியை எடைபோட வேண்டும். மொத்த எடை மட்டும் போதாது, ஒவ்வொரு சக்கரத்தின் மேல் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே ஆக்சிலில் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 1901-ஆம் எண் தரவிதி வகுத்திருந்தது. கனமான அறைகளெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கத்துப் பட்டைதான் முதலில் போகும்.

அடுத்தது, ஓடிய தூரத்தை மட்டும் பார்த்து சர்வீஸ் விடுவது. ஒரு மீட்பு வண்டி நாலு தெரு தள்ளிப் போய், அங்கே எஞ்சினை அணைக்காமல் மூன்று மணி நேரம் நிற்கும். மீட்டரில் இரண்டு கிலோமீட்டர்தான் கூடியிருக்கும். எஞ்சின் ஆயிலின் நிலையோ வேறு. புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளில் இந்தக் குறுகிய ஓட்டமும் ஐட்லிங்கும் கரியை அடைய வைக்கும். சர்வீஸ் கணக்கில் எஞ்சின் ஓடிய மணிநேரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிரேக்கில் நடக்கும் தவறு ஆபத்தானது. பிரேக் தேயத் தேய இடைவெளியைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால், ஸ்பேனரால் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அது தளர்ந்ததே ஏதோ பழுதின் அடையாளம். காரணத்தைத் தேடாமல் இறுக்கினால் சில நாளில் மறுபடி தளரும், அதுவும் கனமான வண்டி வேகமாகப் போகும்போது. புது ஸ்பிரிங் பட்டை மாட்டினால், அதை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டைக் கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் பலருக்கு மறந்துபோகிறது. அது தளர்ந்தால் பட்டைகளின் நடு போல்ட் முறிந்து ஆக்சிலே நகர்ந்துவிடும்.

டயரின் பட்டன் (தரையைப் பற்றும் வரிப்பள்ளம்) இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று பத்து வருடம் ஓட்டக் கூடாது. ரப்பருக்கு வயது உண்டு. ஏழு ஆண்டில் மாற்றச் சொல்கிறது என்.எஃப்.பி.ஏ.

அப்புறம் பனிக்கால உப்பு. மேலே பளபளவென்று கழுவிவிட்டு அடிப்பாகத்தை விட்டுவிடுவார்கள். அலுமினிய பாடியும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் உப்புநீர் நின்றால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அரித்த இடத்தில் சட்டத்தை வெல்டிங் வைத்து ஒட்டுவது அதைவிட மோசம். கனரக வண்டிகளின் சட்டம் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு, வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே துளைகூடப் போடக் கூடாது.

ஓட்டுநருக்கு ஒன்று: பள்ளத்தைக் கண்டதும் பிரேக்கை அழுத்தியபடியே உள்ளே இறக்காதீர்கள். முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி முழுவதும் ஆக்சிலுக்குப் போகும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, சக்கரம் பள்ளத்தைத் தொடும்முன் பிரேக்கை விட்டுவிடுங்கள்.