விர்ச்சுவல் பாக்ஸில் உபுண்டு ஏறவில்லையா? வரிசையாகப் பார்ப்போம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படித்தாலும், பள்ளி லேபில் ஓடுவது கேரள அரசின் கைட் குனு/லினக்ஸ்தான். அது உபுண்டு என்ற இலவச லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து உருவானது. வீட்டு லேப்டாப்பிலோ விண்டோஸ். அதை அழிக்காமலே, விண்டோஸுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) உருவாக்கித் தரும் விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளில் உபுண்டு போட்டுப் பழகலாம். பாதியில் நின்றால் உடனே மெஷினை அழித்துவிடாதீர்கள். திரையில் வந்திருக்கும் பிழைச் செய்தியைப் படியுங்கள். முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கும்.

முதல் படி: ஸ்டார்ட் கொடுத்ததும் 'விடி-எக்ஸ் இஸ் டிசேபிள்டு' என்று வந்தால், உபுண்டுவில் குறை இல்லை; லேப்டாப்பின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) விர்ச்சுவல் மெஷினை ஓட்ட உதவும் சிபியு வசதி அணைந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. கீழே 'விர்ச்சுவலைசேஷன்' எதிரே 'டிசேபிள்டு' என்றிருந்தால் உறுதி. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையைத் தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸுக்குள் போங்கள். இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்'. அதை எனேபிள் செய்து சேவ் பண்ணி வெளியே வாருங்கள்.

இரண்டாவது: 'நோ பூட்டபிள் மீடியம்' என்றால் ஐஎஸ்ஓ கோப்பு (டவுன்லோடு செய்த உபுண்டு இன்ஸ்டால் கோப்பு) மாட்டப்படவில்லை. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் 'எம்ப்டி' என்றிருக்கும் சிடி படத்தில் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மாட்டியும் பிழை வந்தால் டவுன்லோடு பழுதாகியிருக்கலாம். இடவப்பாதி மழையில் கரண்டும் நெட்டும் விட்டுவிட்டு வரும் ஊர் நம்முடையது. பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணை எடுத்து, உபுண்டு தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது: ஓடுகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறதா? ஜன்னலின் வலது கீழ்மூலையில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், அது நின்றுவிடும். உபுண்டு 24.04-க்கு 4 ஜிபி ரேம், 25 ஜிபி இடம் வேண்டும். லேப்டாப்பிலேயே மொத்தம் 4 ஜிபிதான் என்றால் உபுண்டுவின் எடை குறைந்த வகையான லுபுண்டுவை முயன்று பாருங்கள்.

மெஷின் உருவாக்கும்போது 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' (எதையும் கேட்காமல் தானாக நடக்கும் இன்ஸ்டால்) வேண்டாம். பெயர், பாஸ்வேர்டை அதுவே வைத்துவிடும். பிறகு அட்மின் உரிமையோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளை வேலை செய்யாமல் திண்டாட வேண்டும்.

முடிந்ததும் 'ரிமூவ் தி இன்ஸ்டலேஷன் மீடியம்' என்று கேட்கும். என்டர் தட்டினால் போதும். மறுபடி இன்ஸ்டால் திரையே வந்தால், ஸ்டோரேஜில் ஐஎஸ்ஓவைக் கழற்றுங்கள். டெஸ்க்டாப் வந்தவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பி வரக்கூடிய இப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வையுங்கள், அப்புறம் பயமில்லாமல் நோண்டலாம்.